மன்றமும் வாரியமும்: பழந்தமிழ் ஊர்களில் பொதுமரம் பேணிய முறை

முன்னுரை

காடும் நகரும் தம்முள் மாறுபட்டவை என்பது பொதுவாக நிலவும் கருத்து. காடு குறையக் குறைய நகர் பெருகும் என்பதும், நகர் பெருகுமிடத்து மரம் நில்லாது என்பதும் கண்கூடு. ஆதலின் நகரத்தின் நடுவே மரங்களை வளர்த்து, அவற்றைக் குடிமக்களே கூடிப் பேணுதல் இந்நூற்றாண்டில் முளைத்த புதுக்கருத்து எனப் பலர் எண்ணுவர். பழந்தமிழ் நூல்களையும் கல்வெட்டுகளையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு இவ்வெண்ணம் பொருந்தாது எனப் புலனாகும். ஊரின் நடுவே மன்றத்து மரமும், ஊரின் புறத்தே மிளையும், இடையிடையே காவும் பொழிலும் தண்டலையும் அமைந்த ஊர்களையே அந்நூல்கள் நமக்குக் காட்டுகின்றன.

எனினும், பழந்தமிழர் மரங்களைப் போற்றினர் என்று பொதுப்படக் கூறி அமைதல் ஆராய்ச்சியாகாது. எவ்வெம் மரங்களை யார் காத்தனர், எம்முறையால் காத்தனர், அம்முறைகளுள் எவை நிலைத்தன, எவை நிலையாது ஒழிந்தன என்பனவே ஆராயத்தக்க வினாக்கள். மரம் காக்கும் முறைகளாக நூல்களாலும் கல்வெட்டுகளாலும் நான்கினை அறிகின்றோம். அவை பயன்பாட்டால் காத்தல், ஆணையால் காத்தல், அச்சத்தால் காத்தல், பொறுப்பால் காத்தல் என்பன. இந்நான்கினையும் முறையே எடுத்துக்கொண்டு, அவற்றின் வன்மையும் மென்மையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

1. சொற்களின் சான்று

ஒரு மக்களினம் ஒரு பொருளை எத்துணை நுணுகி நோக்கிற்று என்பதற்கு அப்பொருள் பற்றிய சொற்களே முதற்சான்றாகும். மரச்செறிவைக் குறிக்கத் தமிழில் கா, காவு, பொழில், சோலை, தண்டலை, துடவை, தோப்பு, கானம், மிளை எனப் பல சொற்கள் உள. இவை ஒரு பொருட் பன்மொழி போலத் தோன்றினும் முற்றும் ஒரு பொருளன அல்ல. படப்பை என்பது மனையைச் சார்ந்த தோட்டம். மிளை என்பது அரணைச் சூழ்ந்த காவற்காடு. தண்டலை என்பது குளிர்ந்த சோலை. பொழில் என்னும் சொல்லோ சோலையையும் உலகத்தையும் ஒருங்கே குறிக்கும். கா என்னும் பெயரைக் காத்தல் என்னும் வினையோடு இயைத்துக் காணுதல் பொருத்தமுடையது. அவ்வாறாயின் கா என்பது தானே வளர்ந்த காடன்று. ஒருவராற் காக்கப்பட்ட மரச்செறிவு என்பது பெறப்படும்.

இச்சொற்களுள் மிளை என்பது சிறப்பாகக் கருதற்குரியது. மதிலின் புறத்தே அகழியும், அகழியின் புறத்தே காவற்காடும் அமைதல் பண்டை நகரமைப்பின் இலக்கணம். மதுரையின் அரணமைப்பைக் கூறும் சிலப்பதிகாரம் மிளையையும் கிடங்கையும் முதற்கண் வைத்து எண்ணுகின்றது. நீரும் நிலமும் மலையும் நிழல்செறிந்த காடும் அரணாம் என்பது திருவள்ளுவர் கொள்கை. இன்று நகர்க்காடு என ஆக்கிக்கொள்ளும் சொல்லுக்கு நேரான பொருள் நம் முன்னோர்க்கு ஒற்றைச் சொல்லிலேயே அமைந்திருந்தது எனலாம். ஆயின் மிளை அழகு நோக்கி வளர்க்கப்பட்டதன்று. பகை நோக்கி வளர்க்கப்பட்டது. பயனுடைமையே அதனைக் காத்தது.

2. மன்றம்: பயன்பாட்டால் காத்தல்

ஊர் நடுவே மக்கள் கூடும் பொதுவிடம் மன்றம் எனவும் பொதியில் எனவும் பெயர்பெற்றது. அதன் நிழலுக்கு ஒரு மரம் இன்றியமையாதது. வேம்பு, பலா முதலிய மரங்கள் மன்றத்தில் நின்றமையைப் புறநானூறு காட்டுகின்றது. போருக்குச் செல்லும் பாண்டியன் நெடுஞ்செழியன் மன்றத்து வேம்பின் தளிரைச் சூடிச் செல்கின்றான் என இடைக்குன்றூர்கிழார் பாடுகின்றார். அரசன் சூடும் தளிர் அரண்மனைத் தோட்டத்திலிருந்து வந்ததன்று; ஊர்ப்பொது மரத்திலிருந்து வந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் காட்டும் மன்றக்காட்சி (புறம் 128) இன்னும் தெளிவுடையது. மன்றத்துப் பலாவின் கிளையில் பரிசில் வேண்டி வந்த இரவலர் தம் முழவைத் தொங்கவிட்டுள்ளனர். அம்மரத்தில் வாழும் மந்தி அதனைப் பலாப்பழம் எனக் கருதித் தட்டுகின்றது. முழவு ஒலிக்கின்றது. இச்சிறு நிகழ்ச்சியில் ஒரு பொதுமரத்தின் வாழ்வு முழுதும் அடங்கியுள்ளது. அயலூர் இரவலர்க்கு அம்மரம் இளைப்பாறும் இடம், விலங்குக்கு உறைவிடம், ஊரார்க்கு அவை. எவர்க்கும் உரிமையுடைய அம்மரம் ஒருவர்க்கு மட்டும் உரியதாக இல்லை.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை காட்டும் காட்சியும் இவ்வகையினதே. மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இருபகுதியாக அமைந்த புகார் நகரத்தில், அவ்விரண்டற்கும் இடைப்பட்ட நிலத்தில் ஒரு சோலை இருந்தது. அச்சோலையில் செறிந்து நின்ற மரங்களின் அடிகளே தூண்களாகப் பகற்கடைகள் நிகழ்ந்தன. அதுவே நாளங்காடி. விற்போர் ஒலியும் வாங்குவோர் ஒலியும் அங்கு இடையறாதிருந்தன என இளங்கோவடிகள் கூறுகின்றார். அங்காடி அமைத்தற்பொருட்டு மரத்தை வெட்டினாரல்லர். மரத்தை வைத்தே அங்காடியை அமைத்தனர். வணிகத்திற்கும் மரத்திற்கும் பகை இயல்பானதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

பயன்பாட்டால் காக்கப்பட்ட மரத்திற்கு அழிவு எவ்வாறு நேரும்? இதற்கு விடை பட்டினப்பாலையில் உளது. கரிகாலனாற் பகைவர் நாடு பாழ்பட்ட நிலையைப் பாடும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், புதியவர் வந்து தங்கிய பொதியிலில் இன்று யானைகள் உறைகின்றன என்கின்றார். விழா நீங்கிய மன்றத்தில் நெருஞ்சியும் அறுகும் மண்டின என்கின்றார். மன்றத்தை அழித்தது கோடரியன்று. மக்கள் வருகை நின்றதும் விழா நின்றதுமே அதனை அழித்தன. பயன்பாடு உள்ளவரை நிற்பதும், பயன்பாடு நீங்கின் தானே பாழாவதும் இம்முறையின் இயல்பு என்பது இதனால் தெளியலாம்.

3. கடிமரம்: ஆணையால் காத்தல்

மன்றத்து மரத்தினின்றும் முற்றும் வேறுபட்டது கடிமரம் எனப்படும் காவல்மரம். அது குறுநில மன்னனின் குடிப்பெருமைக்கு அறிகுறி. பிறர் அணுகாவாறு காக்கப்பட்டது. பழையனுக்கு வேம்பும், நன்னனுக்கு மாவும் வாகையும், திதியனுக்குப் புன்னையும் காவல்மரங்களாக இருந்தன.

இத்துணைக் கடுங்காவல் பெற்ற மரங்களின் முடிவு யாது? பழையனின் வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டினான். நன்னனின் வாகையைக் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல் வெட்டினான். அவன் மாவினைக் கோசர் வெட்டினர். திதியனின் புன்னையை அன்னி வெட்டினான். கடலிடைப் பகைவரின் கடம்பை இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் வெட்டினான். பெயர் சுட்டிக் கூறப்படும் காவல்மரங்களுட் பெரும்பாலன வெட்டுண்ட செய்தியாலேயே நமக்கு அறிமுகமாகின்றன. ஒரு மரம் அரசனின் ஆணைக்கு அறிகுறியாகுமாயின், அவ்வாணையை முறிக்க விழைவான் முதற்கண் அம்மரத்தையே முறிப்பான். காவலே மரத்திற்குப் பகையாயிற்று.

வெட்டிய கடம்பினாலும் வேம்பினாலும் சேரர் முரசு செய்துகொண்டனர் எனப் பதிற்றுப்பத்து கூறுகின்றது. ஆயின் மன்றத்தில் மரத்தின்மேல் முழவு தொங்கியது. போர்க்களத்திலோ மரமே முரசாயிற்று. இவ்விரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின், பொதுமைக்கும் ஆணைக்கும் உள்ள வேற்றுமை இனிது விளங்கும்.

நன்னன் வரலாறு மற்றொரு தீமையையும் உணர்த்துகின்றது. அவன் காவல்மாவிலிருந்து ஆற்றில் வீழ்ந்து மிதந்து வந்த காயைத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணை அவன் கொலைசெய்தான். பெண்கொலை புரிந்தவன் என்னும் பழி அவன் பெயரோடு குறுந்தொகையில் நிலைத்தது. மக்களை விலக்கி மரத்தைக் காக்கும் முறை எல்லை கடந்தவிடத்து எந்நிலை எய்தும் என்பதற்கு இது கொடிய சான்று.

இக்கடிமர மரபின் இடையே ஒரு புலவரின் குரல் தனித்து ஒலிக்கின்றது. பாண்டியன் நன்மாறனை நோக்கிக் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார், பகைவர் வயலைக் கொள்ளையிட்டாலும், ஊரை எரியூட்டினாலும், வேலால் அவரை அழித்தாலும் அழிக்க. கடிமரத்தை மட்டும் வெட்டாது விடுக என வேண்டுகின்றார் (புறம் 57). அம்மரங்கள் உன் யானைகளைக் கட்டுதற்குத் தாங்கா என்பது அவர் கூறும் காரணம். அருள் நாடி நேரே வேண்டின் வென்ற மன்னன் செவிசாயான் என அறிந்த புலவர், அவன் யானையின் பெருமையைப் புகழ்வார்போல் மரத்தின் உயிரை இரந்தார் எனக் கொள்ளுதல் பொருந்தும். அப்பாண்டியன் இலவந்திகைப்பள்ளியில் துஞ்சியவன் எனப் பெயர்பெற்றான். இலவந்திகை என்பது நீர்நிலை சூழ்ந்த இன்பச்சோலையின் பெயர். சோலையில் உயிர்நீத்தான் ஒருவனிடமே மரத்திற்காக இரந்த பாடல் நமக்கு எஞ்சியிருத்தல் கருதத்தக்கது.

4. வனமும் தலமரமும்: அச்சத்தால் காத்தல்

மணிமேகலை மலர்வனம் புக்க காதையில் புகாரின் சோலைகள் எண்ணப்படுகின்றன. மணிமேகலை மலர் கொய்யச் செல்ல நேர்ந்தபொழுது சுதமதி அவளுக்கு எச்சோலை தகும், எச்சோலை தகாது எனக் கூறுகின்றாள். இலவந்திகை அரசனுடன் இருப்போர் திரியும் இடம். உய்யானம் தேவர்க்கேயுரியது, பூதம் காப்பது. சம்பாதி வனமும் கவேர வனமும் பழந்தெய்வங்களாற் காக்கப்படுவன. எஞ்சியது உவவனம் ஒன்றே. ஒரு நகரத்தில் ஐந்து சோலைகள் இருந்தும் ஓர் இளம்பெண் அச்சமின்றிச் செல்லற்கு ஒன்றே அமைந்தது என்பது இப்பகுதியால் அறியப்படும். அவ்வொன்றிலும் அரசிளங்குமரன் உதயகுமரன் தேரேறிப் பின்தொடர்ந்தான் என்பது கதை. சோலைகளின் தொகையை எண்ணுவதோடு அமையாது, அவற்றுள் யார் புகலாம், யார் புகலாகாது என்றும் வினவுதல் வேண்டும் என இக்காதை நமக்கு உணர்த்துகின்றது.

தெய்வத்தின் பெயரால் மரத்தைக் காக்கும் முறை பின்னர்த் தலமரமாக வளர்ந்தது. ஆனைக்காவில் வெண்ணாவல், காஞ்சி ஏகம்பத்தில் மா, மதுரையில் கடம்பு, மயிலையில் புன்னை, ஒற்றியூரில் மகிழ் என ஒவ்வொரு தலத்திற்கும் ஒரு மரம் உரியதாயிற்று. ஆலங்காடு, வேற்காடு, மறைக்காடு என ஊர்ப்பெயரிலேயே காடு நிலைபெற்றது. காடழித்து ஊரெடுத்த செய்தியை மறவாதிருத்தற்கு அக்காட்டின் ஒரு மரத்தையேனும் ஊர்நடுவே நிறுத்தினர் போலும். மதுரை கடம்பவனத்தை அழித்து அமைந்தது எனத் திருவிளையாடற் புராணங்கள் கூறுதலும், அந்நகரத்துக் கோயிலில் கடம்பு தலமரமாக விளங்குதலும் இக்கருத்திற்கு அரண் செய்கின்றன.

இம்முறையின் வன்மை அதன் நீடிப்பு. அரசுகள் மாறியும் தலமரம் மாறவில்லை. ஒன்று பட்டவிடத்து அதன் வழிவந்த கன்றை நட்டுப் போற்றும் மரபும் உண்டு. இதன் குறை, ஒரு மரத்திற்கு அளித்த காவல் அதனையடுத்த மற்றை மரங்களுக்கு எட்டாமையாம். மதிலின் உள்ளே ஒரு மரம் வணங்கப்பெற, மதிலின் புறத்தே தோப்பு முழுதும் அழிதலை இம்முறை தடுக்கவில்லை.

5. நந்தவனமும் வாரியமும்: பொறுப்பால் காத்தல்

பத்தி இயக்கக் காலத்தில் தோட்டம் பேணுதல் தொண்டாக மலர்ந்தது. வில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்த பெரியாழ்வார், அரங்கத்தில் அப்பணியே பூண்ட தொண்டரடிப்பொடியாழ்வார், திருப்புகலூரில் மலர்த்தொண்டு புரிந்த முருக நாயனார் ஆகியோர் வரலாறுகள் யாவரும் அறிந்தன. கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகை மலரையும் முருக நாயனார் கொய்த திறத்தைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார். இவர்க்கு முன்னரே காரியாசான், குளந்தோண்டல், மரம் நடுதல், வழி செப்பஞ்செய்தல், வயலாக்கல், கிணறு அமைத்தல் என்னும் ஐந்தனையும் சுவர்க்கம் தரும் அறங்களாகச் சிறுபஞ்சமூலத்துள் தொகுத்துக் கூறினார்.

ஆயினும் தனியொருவர் அன்பு அவர் வாழ்நாளோடு முடிவது. அதனை நிலைபெறச் செய்தற்குச் சோழர்காலத்தார் இருவழி கண்டனர். முதலாவது நிவந்தம். நந்தவனத்தைப் பேணுவார்க்கு வாழ்வளிக்கும்பொருட்டு விடப்பட்ட நிலம் திருநந்தவனப்புறம் எனக் கல்வெட்டுகளிற் குறிக்கப்படுகின்றது. மரம் நடுவார்க்குப் புகழ் உண்டு. நாளும் நீர் விடுவார்க்கு உணவு வேண்டும். அவ்வுண்மையை உணர்ந்து விடப்பட்டதே இந்நிலம்.

இரண்டாவது வாரியம். உத்தரமேரூரில் முதற் பராந்தகசோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குவன என்பது அறிஞர் அறிந்ததே. அவற்றைத் தேர்தல் வரலாற்றிற்கே பலரும் பயன்படுத்தினர். அவற்றுள் தோட்ட வாரியம் என்பதொன்று உளதென்பதில் அத்துணைக் கருத்துச் செலுத்தவில்லை. முப்பது குடும்புகளினின்றும் தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியராயினர். நீரைக் காக்கும் ஏரி வாரியத்தினும் இருமடங்கினர் தோட்டத்திற்கு வகுக்கப்பட்டனர். தோட்டம் அவ்வூர்ச் சபையின் ஆட்சிப்பொருள்களுள் தலையாய ஒன்றாக இருந்தது என்பதற்கு இவ்வெண்ணே சான்று.

அவ்வாரியத்தின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. உறுப்பினர் முந்நூற்றறுபது நாள் பணிபுரிந்து விலகுவர். அகவை முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மீண்டும் வாரார். வாரியம் செய்து கணக்குக் காட்டாது விட்டவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பொறுப்புக்குக் காலவரையறை, பொறுப்பு கைமாறுதல், கணக்குக் காட்டல் ஆகிய மூன்றும் ஈண்டு ஒருங்கே அமைந்துள்ளன. மன்றத்திற்கு இவை இல்லை, கடிமரத்திற்கும் இல்லை.

எனினும் இதனை மிகைபடப் புகழ்தல் தகாது. உத்தரமேரூர் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். கால்வேலிக்கு மேல் இறைநிலமும், சொந்த மனையும், வேதப்பயிற்சியும் உடைய ஆடவரே தகுதியுடையர் ஆயினர். தோட்டத்தில் மண்கொத்தி நீர்பாய்ச்சியவர்க்கு அவ்வோலையிற் பெயர் எழுதப்படவில்லை. கணக்கு உடைய அமைப்பிற் பொதுமை குறைந்தது. பொதுமை உடைய மன்றத்திற் கணக்கு இல்லை. பழந்தமிழர் இவ்விரண்டையும் ஓரிடத்தே இணைத்தனர் என்பதற்குச் சான்று கிடைத்திலது. அவ்விணைப்பு நமக்கு எஞ்சிய கடமை எனக் கொள்ளல் வேண்டும்.

6. இக்காலத்திற்கு ஓர் ஒப்புநோக்கு

மேற்கூறிய முறைகளைச் சென்னை மாநகரின் அண்மை வரலாற்றோடு ஒப்பிடல் பொருத்தமாம். 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லசு திரெவெலியன் மக்கள் பூங்கா எனப் பொருள்படும் பெயரோடு, நூறு ஏக்கரினும் மிக்க பரப்பில் ஒரு பெரும்பூங்காவை அமைத்தார். பின்னர் அப்பரப்பிலேயே மூர் அங்காடியும், மாநகராட்சியின் இரிப்பன் மாளிகையும், விளையாட்டரங்கமும் எழுந்தன. பூங்காவைப் பேணவேண்டிய மாநகராட்சியே தன் மாளிகையை அதன் நிலத்தில் 1913இல் எழுப்பியது. பெயரில் மக்கள் இருந்தனர். காவலில் அவர்க்குப் பங்கு இல்லை. ஆதலின் அது குறைந்தபொழுது வினவுவார் இலராயினர். புகாரில் சோலையே அங்காடியாயிற்று. சென்னையில் அங்காடி சோலையை விழுங்கிற்று.

இதன் மறுதலையாகக் கிண்டிக்காடு நின்றது. ஆளுநர் மாளிகைக்கு உரிய வேட்டைநிலமாகத் தொடக்கத்திற் காக்கப்பட்டமையால் அஃது எஞ்சியது. பின்னர் அதன் ஒரு பகுதி 1978இல் தேசியப்பூங்காவாக்கப்பட்டது. இது கடிமரத்தை ஒத்த காவல். நல்லூழால் இக்கடிமரம் வெட்டுண்ணாது பிழைத்தது.

1950இல் இந்திய அரசு வனமகோத்சவம் என்னும் மரம் நடுவிழாவைத் தொடங்கிற்று. நடுதலை விழாவாக்கியது நன்றே. ஆனால் நட்ட கன்றுக்கு மறுநாள் நீர்விடுவார் யார் என்னும் வினாவிற்கு விழா விடை தாராது. திருநந்தவனப்புறம் வைத்தவர் அவ்வினாவை முன்னரே எழுப்பி விடையும் கண்டனர்.

2016 திசம்பர் 12இல் வீசிய வர்தா புயல் சென்னையின் தெருமரங்களை மிகுதியாக வீழ்த்தியது. தெருக்களில் நிற்பனவற்றுட் பல, மடகாசுகரைத் தாயகமாகக் கொண்ட மயில்கொன்றையும் தென்னமெரிக்காவினின்றும் வந்த தூங்குமூஞ்சியும் போன்ற அயல்மரங்கள். வேர் பரவ இடமின்றிச் சூழவும் கற்காரையிட்டு அடைத்த மரம் காற்றுக்கு நில்லாது என்பதை எவரும் உணர்வர். அதன்பின் எம்மரத்தை எவ்விடத்து நடுதல் தகும் என்னும் வினா பொதுமக்களிடையேயும் எழுந்தது. வேம்பும் புன்னையும் மகிழும் பூவரசும் மீண்டும் எண்ணப்பட்டன. இவற்றுள் வேம்பும் புன்னையும் மகிழும் மன்றத்திலும் கோயிலிலும் முன்னரே இடம்பெற்றவை.

இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை நிறைந்து கிடந்த அரசு நிலம் ஒன்றை, நிழல் என்னும் அமைப்பின் தன்னார்வலர் நாட்டுமரங்கள் வளர்ந்த தோட்டமாக மாற்றினர். நிலம் அரசினது, உழைப்பு மக்களது. விழாவோடு நில்லாமல் அடுத்தடுத்து வந்து நீர்விட்டும் களைபறித்தும் பேணினமையாலேயே அது தோட்டமாயிற்று. புன்னைவிதையை மணலில் அழுத்தி, முளைத்ததனைப் பாலும் நெய்யும் பெய்து வளர்த்த நற்றிணைத் தலைவியிடம் (நற். 172) அவள் அன்னை அம்மரம் உனக்கு உடன்பிறந்தாள் என்றாள். பேணியவர்க்கே மரம் உறவாகும் என்பது அப்பாடலின் கருத்து.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படும். பயன்பாட்டால் காக்கப்பட்ட மன்றமரம் மக்கள் கூடும்வரை நின்றது. ஆணையால் காக்கப்பட்ட கடிமரம் ஆணையோடு வீழ்ந்தது. அச்சத்தால் காக்கப்பட்ட தலமரம் நிலைத்தது. எனினும் தன்னைச் சூழ்ந்த காட்டைக் காக்கவில்லை. பொறுப்பாலும் கணக்காலும் காக்கப்பட்ட தோட்டமே ஓர் ஆட்சிமுறையாக வளர்ந்தது. ஆயின் உழைத்தார்க்கு அதிற் பங்கு அளிக்கப்படவில்லை.

ஆகவே இன்று நகரத்து மரங்களைப் பேண முயல்வார், மன்றத்தின் பொதுமையையும் வாரியத்தின் கணக்கையும் ஒருங்கு கொள்ளல் வேண்டும். தெருவிற்கு ஒரு மரம் என எண்ணுதல் எளிது. அம்மரத்திற்குப் பொறுப்புடையார் யார், அவர் எத்துணைக் காலம் பொறுப்புடையார், எவர்க்குக் கணக்குக் காட்டுவார் என வரையறுத்தலே அரிது. அவ்வரிய செயலை ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே கல்லில் எழுதிவைத்தனர் நம் முன்னோர். அவர் எழுதாது விட்ட பெயர்களையும் சேர்த்து எழுதுதல் நம் கடன்.

இலக்கியத்துள் மரப்பெயர்களைத் தொகுக்கும் ஆராய்ச்சிகள் பல வெளிவந்துள்ளன. மரத்தின் உரிமை, காவல், பொறுப்பு ஆகியவற்றை இலக்கியத்தோடு கல்வெட்டையும் இயைத்து ஆராயும் முயற்சி இன்னும் பெருகுதல் வேண்டும். நந்தவன நிவந்தங்களைக் குறிக்கும் கல்வெட்டுகளை ஊர்தோறும் தொகுப்பின், தமிழகத்து ஊர்ப்பசுமையின் வரலாறு முழுமையாக வெளிப்படும். இளைய ஆராய்ச்சியாளர் இத்துறையிற் புகுவாராக.